தமிழ் இசைத்தட்டு சேகரிப்பு

தமிழ் இசைத்தட்டு சேகரிப்பு என்பது தமிழில் வெளிவந்த கருநாடக இசை, நாடகப் பாடல், திரைப்படப் பாடல் ஆகியவற்றின் பழைய இசைத்தட்டுகளைத் தேடிப் பெற்று, கேட்டு, ஒப்பிட்டு, பாதுகாக்கும் ஈடுபாடு ஆகும். இசைத்தட்டு வணிகத்தின் மையங்களாகக் கொல்கத்தாவும் சென்னையும் இருந்தபோதிலும், அதில் பாடிய கலைஞர்கள், பாடலாசிரியர்கள், வணிகர்கள், கேட்போர் ஆகியோரில் பலர் மதுரையையும் அதனைச் சூழ்ந்த சமவெளிப் பகுதியையும் சேர்ந்தவர்கள்.

ஒரே பாடல் திரைப்படத்தில் ஒரு விதமாகவும், தட்டில் வேறு விதமாகவும், பிற்காலக் குறுந்தட்டில் மற்றொரு விதமாகவும் ஒலிப்பது உண்டு. இந்த வேறுபாடுகளே சேகரிப்பாளர்களின் ஆர்வத்துக்கு முதன்மைக் காரணமாகும். மேற்குநாடுகளில் ராக் இசை இரசிகர்கள் மாற்று ஒலிக்கலவைகளையும் வினைல் தட்டுகளையும் தேடுவது இதனோடு ஒப்பிடத்தக்கது. தமிழ்நாட்டில் இதற்கு மற்றொரு முதன்மையும் உண்டு. பல பாடல்களுக்கு மூலப் பதிவோ திரைப்படச் சுருளோ எஞ்சவில்லை. தட்டு ஒன்றே அவற்றின் சான்றாக உள்ளது.

பெயர்கள்

எழுத்து வழக்கில் இசைத்தட்டு, ஒலித்தட்டு என்னும் சொற்கள் வழங்குகின்றன. பேச்சு வழக்கில் கிராமபோன் பிளேட், ரிக்கார்டு என்று கூறுவர். நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நெடுநேரத் தட்டு எல்.பி. என்றும், 45 முறை சுழலும் சிறிய தட்டு ஈ.பி. என்றும் அறியப்படுகின்றன. ஊசி என்பதும் முள் என்பதும் தட்டின் வரிப்பள்ளத்தில் ஓடும் முனையைக் குறிக்கும்.

வரலாறு

தொடக்க காலம்

தாமசு ஆல்வா எடிசன் 1877 இல் ஒலிவரைவியை உருவாக்கினார். அது உருளையில் ஒலியைப் பதிவு செய்தது. எமில் பெர்லினர் 1887 இல் தட்டையான தட்டில் பதியும் கிராமபோனுக்குக் காப்புரிமம் பெற்றார். தட்டை அச்சிட்டுப் பல படிகள் எடுக்க முடிந்ததால் அதுவே வணிகத்தில் நிலைத்தது. கிராமபோன் நிறுவனத்தின் சார்பில் பிரெட் கெய்சுபர்க் 1902 இல் கொல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் உள்ளிட்டோரின் பாடல்களைப் பதிவு செய்தார். 1908 இல் கொல்கத்தாவில் தட்டு அச்சிடும் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. அது பின்னர் டம்டம் பகுதிக்கு மாற்றப்பட்டது.

அக்காலத் தட்டுகளின் முக்கிய மூலப்பொருள் அரக்கு ஆகும். இந்தியா உலகின் முதன்மையான அரக்கு உற்பத்தி நாடுகளுள் ஒன்றாக இருந்தது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே பதிய முடியும். இதனால் கச்சேரியில் அரைமணி நேரம் பாடப்படும் உருப்படியைக் கூட மூன்று நிமிடங்களுக்குள் அடக்க வேண்டியிருந்தது. ஆலாபனையைச் சுருக்குவதும், சரணங்களை விடுவதும், காலப்பிரமாணத்தை விரைவுபடுத்துவதும் வழக்கமாயின. ஆகவே தட்டில் கேட்கப்படுவது மேடையில் பாடப்பட்டதன் நேர்ப்படி அன்று. தட்டுக்கென்றே அமைக்கப்பட்ட ஒரு வடிவம் ஆகும்.

மதுரையும் நாடகக் கம்பெனிகளும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை தமிழ் நாடகத்தின் முக்கிய மையமாக விளங்கியது. சங்கரதாசு சுவாமிகள் 1918 இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். இத்தகைய குழுக்களில் பாடி நடித்தவர்களின் பாடல்கள் தட்டுகளாக வெளிவந்தன. செங்கோட்டை எசு. ஜி. கிட்டப்பா (1906–1933), கே. பி. சுந்தராம்பாள் (1908–1980) ஆகியோர் இவர்களுள் புகழ்பெற்றவர்கள். மதுரகவி பாசுகரதாசு (1892–1952) நாடகங்களுக்கும் தட்டுகளுக்கும் பாடல்கள் எழுதினார். காந்தியையும் விடுதலை இயக்கத்தையும் பற்றிய அவரது பாடல்கள் மேடை வழியாகவும் தட்டுகள் வழியாகவும் பரவின. எழுத்தறியாதவர்களையும் எட்டியதால் இசைத்தட்டு அரசியல் கருவியாகவும் அமைந்தது குறிப்பிடத்தக்கது.

எம். எசு. சுப்புலட்சுமி 1916 இல் மதுரையில் பிறந்தார். தாய் சண்முகவடிவு வீணைக் கலைஞர். 1926 இல், பத்து வயதில், சுப்புலட்சுமியின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. இவர் பாடிய வெங்கடேச சுப்ரபாதம் 1963 இல் நெடுநேரத் தட்டாக வெளிவந்து, தென்னிந்திய இல்லங்களிலும் கோயில்களிலும் விடியற்கால ஒலியாகவே மாறியது. அரக்குத் தட்டின் தொடக்க காலத்திலிருந்து நெடுநேரத் தட்டின் காலம் வரை ஒரே குரலைத் தொடர்ந்து கேட்க இயலும் என்பதால், இவரது தட்டுகளைச் சேகரிப்பாளர்கள் வரிசையாகத் திரட்டுவதுண்டு.

காரைக்குடியும் சரசுவதி ஸ்டோர்சும்

மதுரைக்குக் கிழக்கே உள்ள செட்டிநாட்டுப் பகுதிக்கும் இசைத்தட்டு வரலாற்றில் இடமுண்டு. ஏவி. மெய்யப்பனின் (1907–1979) குடும்பம் காரைக்குடியில் நடத்திய கடையில் கிராமபோன் தட்டுகளும் விற்கப்பட்டன. விற்பனையிலிருந்து தயாரிப்புக்கு மாற விரும்பிய மெய்யப்பன், பங்காளிகளுடன் சேர்ந்து 1932 இல் சென்னையில் சரசுவதி ஸ்டோர்சைத் தொடங்கினார். அந்நிறுவனம் செருமானிய ஓடியன் தட்டுகளின் தொடர்புடன் தமிழ்ப் பாடல்களையும் நாடகங்களையும் வெளியிட்டது. தட்டு வணிகத்தில் பெற்ற பட்டறிவே மெய்யப்பனைத் திரைப்படத் துறைக்கு இட்டுச் சென்றது. ஏவிஎம் படப்பிடிப்புத் தளம் முதலில் காரைக்குடியில் இயங்கி, 1948 இல் சென்னை வடபழனிக்கு மாறியது.

பாரதியார் பாடல்களின் தட்டு உரிமை அக்காலத்தில் தனியாரிடம் இருந்தது. அதனைப் பின்னர் மெய்யப்பன் விலைக்கு வாங்கினார். 1949 இல் சென்னை மாகாண அரசு பாரதியார் படைப்புகளின் உரிமையைத் தன்வசப்படுத்திப் பொதுமக்களுக்கு உரியதாக்கும் வழியைத் திறந்தது. ஒரு கவிஞரின் பாடலை யார் பாடலாம் என்னும் வினாவைத் தமிழ்நாட்டில் வலுவாக எழுப்பியவற்றுள் இசைத்தட்டும் ஒன்றாகும்.

நெடுநேரத் தட்டும் அதன் மறைவும்

வினைல் என்னும் நெகிழிப் பொருளாலான நெடுநேரத் தட்டு 1948 இல் அமெரிக்காவிலும், 45 சுழற்சித் தட்டு 1949 இலும் அறிமுகமாயின. இந்தியாவில் அரக்குத் தட்டுகள் 1960களின் இறுதி வரை அச்சிடப்பட்டன. 1980களில் மலிவான ஒலிநாடாக்கள் பரவியதால் தட்டுகளின் விற்பனை சரிந்தது. 1990களின் தொடக்கத்தில் தமிழ்த் திரைப்படப் பாடல்கள் தட்டாக வெளிவருவது ஏறத்தாழ நின்றுபோனது.

தட்டு வகைகள்

78 சுழற்சித் தட்டு: அரக்கால் ஆனது. பெரும்பாலும் பத்து அங்குலம். பக்கத்துக்கு ஏறத்தாழ 3 நிமிடங்கள். கீழே விழுந்தால் உடையும்.

ஈ.பி. தட்டு: ஏழு அங்குல வினைல். 45 சுழற்சி. திரைப்படப் பாடல்கள் பொதுவாக நான்கு இடம்பெறும்.

எல்.பி. தட்டு: பன்னிரண்டு அங்குல வினைல். 33⅓ சுழற்சி. பக்கத்துக்கு 20 முதல் 25 நிமிடங்கள். ஒரு படத்தின் எல்லாப் பாடல்களும், அல்லது பக்கத்துக்கு ஒரு படம் என்ற வகையில் இரு படங்களின் பாடல்களும் இடம்பெறும்.

மாற்று வடிவங்கள்

படத்தில் ஒரு குரல், தட்டில் ஒரு குரல்

பேசும்படத்தின் தொடக்க காலத்தில் நடிகர்களே படப்பிடிப்பின்போது பாடினர். படச்சுருளில் பதிந்த அந்த ஒலியை அப்படியே தட்டுக்கு மாற்றும் வழக்கம் அன்று இல்லை. தட்டு நிறுவனத்தின் கூடத்தில் அதே பாடல் மீண்டும் பாடிப் பதியப்பட்டது. பாடகர் வேறு நிறுவனத்துடன் ஒப்பந்தத்தில் இருந்தாலோ, பாட இசையாவிட்டாலோ, மற்றொருவர் பாடிய தட்டு வெளிவரும். 1937 இல் மதுரையைச் சேர்ந்த ராயல் டாக்கீசு வெளியிட்ட சிந்தாமணி படத்தில் எம். கே. தியாகராச பாகவதர் பாடினார்; ஆயினும் அப்படப் பாடல்கள் துறையூர் இராசகோபால சர்மா குரலில் தட்டுகளாக வந்து பரவின. இப்படத்தின் வருவாயில் மதுரையில் சிந்தாமணி திரையரங்கு கட்டப்பட்டதாக அறியப்படுகிறது. 1938 இல் வெளிவந்த நந்தகுமார் படத்தில் தமிழில் பின்னணி பாடும் முறை தொடங்கிய பின்னர், படத்துக்கும் தட்டுக்கும் ஒரே குரல் என்பது படிப்படியாக வழக்கமானது.

நீளமும் குறுக்கமும்

குரல் ஒன்றான பின்னரும் நீளம் வேறுபட்டது. 78 சுழற்சித் தட்டில் இடம் போதாமையால் சரணம் ஒன்று விடப்படலாம். அல்லது பாடல் இரு பக்கங்களாகப் பிரிக்கப்படலாம். ஈ.பி. தட்டில் இடையிசை குறைக்கப்பட்ட பாடல் எல்.பி. தட்டில் முழுமையாக இருப்பதுண்டு. மாறாக, படத்தில் மட்டும் ஒலிக்கும் தொகையறாவும் கூடுதல் வரிகளும் எந்தத் தட்டிலும் இடம்பெறாமல் போனதுண்டு.

தட்டில் மட்டும் உள்ள பாடல்கள்

படத்துக்காகப் பதியப்பட்டுத் தட்டில் வெளிவந்து, படத்தில் இடம்பெறாத பாடல்கள் பல. தேனி மாவட்டப் பண்ணைப்புரத்தில் (அக்காலத்தில் மதுரை மாவட்டம்) பிறந்த இளையராஜாவின் இசையில் இதற்கு நன்கறியப்பட்ட சான்றுகள் உள்ளன. நிழல்கள் (1980) படத்துக்கான "தூரத்தில் நான் கண்ட", அலைகள் ஓய்வதில்லை (1981) படத்துக்கான "புத்தம் புதுக் காலை" ஆகியன எசு. ஜானகி பாடியவை. இவை தட்டுகள் வழியாகவும் வானொலி வழியாகவுமே மக்களைச் சென்றடைந்தன. பிந்தைய பாடல் 2014 இல் வெளிவந்த மேகா படத்தில் புதிதாகப் பதிந்து சேர்க்கப்பட்டது.

மகிழ்ச்சி வடிவமும் சோக வடிவமும்

ஒரே மெட்டு இரு சூழல்களில் இரு பாடகர்களால் பாடப்படுவது தமிழ்த் திரைப்படத்தின் மரபுகளுள் ஒன்று. இளையராஜாவின் முதல் படமான அன்னக்கிளியில் (1976) தலைப்புப் பாடல் எசு. ஜானகி குரலிலும், மதுரையில் பிறந்த டி. எம். சௌந்தரராஜன் குரலில் சோகப் பாடலாகவும் அமைந்தது. பிற்காலத் தொகுப்புகளில் இவ்வாறான பாடல்களின் ஒரு வடிவம் மட்டும் இடம்பெறுவது வழக்கம். மற்ற வடிவத்துக்காக மூலத் தட்டை நாட வேண்டியுள்ளது.

வசனத் தட்டுகள்

திரைப்பட உரையாடல்களும் எல்.பி. தட்டுகளாக வெளிவந்தன. மதுரையைக் களமாகக் கொண்ட திருவிளையாடல் (1965) படத்தின் வசனத் தட்டுகள் கோயில் விழாக்களில் ஒலிபெருக்கியில் இடையறாது ஒலித்தன. படத்தைப் பார்க்காதவரும் அதன் உரையாடல்களை மனப்பாடமாக ஒப்பிப்பதற்கு இத்தட்டுகளே காரணமாகும்.

உலக ஒப்பீடு

1960களில் மேற்குநாடுகளில் ஒரே இசைத்தொகுப்புக்கு ஒற்றைத்தட ஒலிக்கலவை, இருதட (ஸ்டீரியோ) ஒலிக்கலவை எனத் தனித்தனியே இரண்டு உருவாக்கப்பட்டன. பீட்டில்சு குழு 1967 இல் வெளியிட்ட சார்ஜண்ட் பெப்பர் தொகுப்பின் ஒற்றைத்தடக் கலவையில் குழுவினர் நேரில் ஈடுபட்டனர். இருதடக் கலவை அவர்கள் இல்லாமல் குறுகிய நேரத்தில் முடிக்கப்பட்டது. எனவே ஒற்றைத்தட வடிவமே கலைஞர்கள் கருதிய வடிவம் என்று இரசிகர்களில் ஒரு சாரார் வாதிடுகின்றனர். 2009 இல் இக்குழுவின் ஒற்றைத்தடத் தொகுப்புகள் தனியாக மறுவெளியீடு செய்யப்பட்டன.

இவ்வுலகுடன் இந்தியாவுக்கு நேரடித் தொடர்பும் உண்டு. பிற நாடுகளில் 78 சுழற்சித் தட்டுகள் பெரும்பாலும் கைவிடப்பட்ட பின்னரும், 1960களின் நடுப்பகுதியில் டம்டம் தொழிற்சாலை பீட்டில்சு பாடல்களை 78 சுழற்சித் தட்டுகளாக அச்சிட்டது. மின்சாரம் எட்டாத ஊர்களில் கையால் முறுக்கும் கிராமபோன்கள் பயன்பாட்டில் இருந்ததே இதற்குக் காரணம். இத்தட்டுகள் இன்று உலகச் சேகரிப்பாளர்களால் மிகவும் விரும்பப்படுகின்றன.

தமிழ்த் திரையிசையில் 1970களின் இறுதியில் ஸ்டீரியோப் பதிவு வரத் தொடங்கியது. பிரியா (1978) தொடக்க காலச் சான்றாகக் குறிப்பிடப்படுகிறது. இடப்பக்கம் ஒரு கருவியும் வலப்பக்கம் மற்றொரு கருவியுமாக ஒலித்த இப்பதிவுகள், வயலின் குழுவுக்கும் கிதாருக்கும் எதிரிசை எழுதப்பட்ட பாடல்களின் அமைப்பைக் கேட்போர் பிரித்தறிய உதவின.

ஒலித்தரம் பற்றிய விவாதம்

வினைல் தட்டின் ஒலியே சிறந்தது என்னும் கூற்றை அப்படியே ஏற்க இயலாது. அளவீட்டின்படி, மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையிலான இடைவெளி தட்டில் பொதுவாக 60 முதல் 70 டெசிபெல்; குறுந்தட்டில் ஏறத்தாழ 96 டெசிபெல். தட்டில் மேற்பரப்பு இரைச்சல் உண்டு. நடுப்பகுதியை நெருங்கும்போது ஒலி திரியும். ஒவ்வொரு முறை இசைக்கும்போதும் சிறிது தேயும்.

எனினும் சேகரிப்பாளர்களின் விருப்பத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. வேறுபாடு ஊடகத்தில் மட்டும் இல்லை. ஊடகத்துக்கு மாற்றிய முறையிலும் உள்ளது. பழைய பாடல்களைக் குறுந்தட்டுக்கு மாற்றும்போது இரைச்சலைக் குறைக்கும் முயற்சியில் உயர்சுரங்கள் மழுங்குவதுண்டு. ஒலியளவு முழுவதும் உயர்த்தப்பட்டு மென்மைக்கும் வன்மைக்குமான வேறுபாடு மறைவதுண்டு. செயற்கை எதிரொலியோ புதிய தாளமோ சேர்க்கப்படுவதும் உண்டு. மூல நாடா கிடைக்காதபோது தேய்ந்த தட்டிலிருந்தே குறுந்தட்டு தயாரிக்கப்படுவதும் உண்டு. இந்நிலைகளில் நன்கு பேணப்பட்ட முதல் அச்சுத் தட்டு மூலத்துக்கு நெருக்கமானதாக இருக்கும். கவனத்துடன் மாற்றப்பட்ட குறுந்தட்டு தட்டை விஞ்சவும் கூடும்.

78 சுழற்சித் தட்டுகளில் வேகமும் ஒரு சிக்கலாகும். தொடக்க காலத் தட்டுகள் அனைத்தும் துல்லியமாக 78 சுழற்சியில் பதியப்பட்டவை அல்ல. 74 சுழற்சியில் பதியப்பட்ட தட்டை 78 சுழற்சியில் இசைத்தால் சுருதி ஏறத்தாழ அரைச்சுரம் உயரும். உச்ச சுருதியில் பாடியதற்காகப் போற்றப்படும் கிட்டப்பா போன்றோர் உண்மையில் எத்தனை கட்டையில் பாடினர் என்பதைத் தட்டை வைத்து முடிவு செய்யும்போது இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

மதுரை வட்டாரத்தில் தட்டுகளின் பயன்பாடு

பெரும்பாலான மக்கள் இசைத்தட்டை வீட்டில் கேட்கவில்லை. ஊர்ப் பொதுவில் கேட்டனர். திருமணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா, ஊர்ப் பொங்கல் ஆகியவற்றுக்கு ரேடியோ செட் அல்லது மைக் செட் எனப்படும் ஒலிபெருக்கி வாடகைக்கு எடுக்கப்பட்டது. மரத்திலோ கம்பத்திலோ கட்டிய குழாய் ஒலிபெருக்கியின் ஓசை வயல்வெளி கடந்து அடுத்த ஊர் வரை கேட்கும். செட்டுக்காரரின் பெட்டியில் உள்ள தட்டுகளே அவ்வூரின் இசைத் தெரிவாக அமைந்தன. திரையரங்குகளிலும் காட்சி தொடங்குமுன் தட்டுகள் இசைக்கப்பட்டன. 1952 முதல் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் இலங்கை வானொலி தமிழ்த் திரைப்பாடல் தட்டுகளைத் தொடர்ந்து ஒலிபரப்பியது. அது தென்மாவட்டங்களில் தெளிவாகக் கேட்டது.

1970களின் இறுதியிலும் 1980களிலும் பதிவு நிலையங்கள் (ரிக்கார்டிங் சென்டர்) பெருகின. விரும்பிய பாடல்களின் பட்டியலையும் வெற்று ஒலிநாடாவையும் கொடுத்தால், அவர்கள் எல்.பி. தட்டுகளிலிருந்து பதிந்து தருவர். ஒரு தட்டின் ஒலி இவ்வாறு நூற்றுக்கணக்கான வீடுகளுக்குச் சென்றது. இந்நிலையங்கள் மூடப்பட்டபோது வெளிவந்த தட்டுகள் இன்றைய சேகரிப்புகளின் முக்கிய ஊற்றாகும். ஒலிபெருக்கி நிலையங்களின் தட்டுகள் மிகுதியாகத் தேய்ந்திருக்கும். பதிவு நிலையங்களின் தட்டுகள் ஒப்பீட்டளவில் நல்ல நிலையில் இருக்கும்.

தட்டுகளை இனங்காணல்

தட்டின் நடுவில் உள்ள சிட்டையில் நிறுவனப் பெயர், வெளியீட்டு எண், பாடகர், இராகம் ஆகியன அச்சிடப்பட்டிருக்கும். அச்சுக்கான மூல எண் சிட்டையை ஒட்டிய வெற்றிடத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரே வெளியீட்டு எண்ணும் வேறு மூல எண்ணும் இருந்தால் அது மறுபதிவாகவோ மாற்றுப் பதிவாகவோ இருக்கக்கூடும். திரைப்படப் பாட்டுப் புத்தகத்துடன் ஒப்பிட்டு, விடுபட்ட சரணங்களைக் கண்டறியலாம்.

பழைய பொருட்களுக்குப் பெயர்பெற்ற காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் கிராமபோன்களும் தட்டுகளும் விற்பனைக்கு வருவதுண்டு. பளபளக்கும் பித்தளைக் குழலுடன் இந்தியச் சந்தைகளில் விற்கப்படும் கிராமபோன்கள் பல, பழைய உறுப்புகளையும் புதிய உறுப்புகளையும் இணைத்து உருவாக்கிய போலிகள் ஆகும்.

பாதுகாப்பு

தட்டுகளை அடுக்கிப் படுக்க வைக்காமல், நூல்களைப் போலச் செங்குத்தாக நிறுத்தி வைக்க வேண்டும். மதுரையின் கோடை வெப்பத்தில் வெயில்படும் இடத்திலோ மூடிய வாகனத்திலோ வைத்த வினைல் தட்டு வளைந்துவிடும். மழைக்கால ஈரத்தில் அட்டை உறைகளிலும் பள்ளங்களிலும் பூஞ்சை படியும். அரக்குத் தட்டைச் சாராயம் கலந்த நீர்மத்தால் துடைக்கக் கூடாது. அரக்கு அதில் கரையும். 78 சுழற்சித் தட்டுக்கு அகன்ற முனையுள்ள ஊசி தேவை. எல்.பி. ஊசியை அதில் பயன்படுத்தினால் பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சல் கூடும். உடைந்த தட்டின் துண்டுகளையும் எறியாமல் சிட்டையுடன் வைத்திருத்தல் நன்று; அதில் உள்ள எண்கள் வரலாற்றுச் சான்றாகும்.

முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாசின் (1931) படச்சுருள் எஞ்சவில்லை. அதன் பாட்டுப் புத்தகம் சொற்களைக் காட்டுகிறது, ஒலியைக் காட்டுவதில்லை. 1930களின் பல படங்களின் நிலையும் இதுவே. இத்தகைய படங்களின் பாடல்கள் தட்டாக வந்திருப்பின், அத்தட்டு யாருடைய வீட்டிலேனும் உடையாமல் இருப்பதைப் பொறுத்தே அப்பாடலை மீண்டும் கேட்க முடியும். வி. ஏ. கே. ரங்காராவ் பல்லாயிரக்கணக்கான 78 சுழற்சித் தட்டுகளைத் திரட்டியவராக அறியப்படுகிறார். கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பை அடிப்படையாகக் கொண்டு 1994 இல் சென்னையில் நிறுவப்பட்ட ஆராய்ச்சி நூலகத்தில் நாடக, திரைப்படப் பாட்டுப் புத்தகங்கள் பேணப்படுகின்றன. இந்திய இசைத்தட்டு சேகரிப்பாளர் சங்கம் 1990 இல் மும்பையில் தொடங்கப்பட்டது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒலிப்பதிவுக்கான உரிமை, வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். எனவே அரக்குத் தட்டுக் காலப் பதிவுகளில் பெரும்பாலானவற்றின் ஒலிப்பதிவு உரிமை முடிந்துவிட்டது. அவற்றை எண்முறைக்கு மாற்றிப் பொதுவில் வைப்பதற்குச் சட்டத்தடை குறைவு. தட்டுகள் கிடைப்பதே அரிது.

மறுமலர்ச்சி

2000களின் பிற்பகுதியிலிருந்து வினைல் தட்டுகளுக்கு உலகெங்கும் மீண்டும் தேவை எழுந்தது. அமெரிக்காவில் 2020 இல் தட்டுகளின் விற்பனை வருவாயும், 2022 இல் விற்பனை எண்ணிக்கையும் குறுந்தட்டுகளை விஞ்சின. இளையராஜா, எம். எசு. விசுவநாதன் ஆகியோரின் 1970கள், 1980களின் தட்டுகளை, அவை வெளிவந்தபோது பிறந்திராத தலைமுறையினரும் தேடி வாங்குகின்றனர்.

இவற்றையும் பார்க்க

கிராமபோன்
எம். எசு. சுப்புலட்சுமி
மதுரகவி பாசுகரதாசு
ஏவி. மெய்யப்பன்
இலங்கை வானொலி